மலையில் எடுத்த படம் சப்பென்று இருக்கிறதா? குறையைப் பார்த்துக் கண்ணைத் திருத்தும் வழி

கடைசியாக எடுத்த 50 படங்களைத் திறந்து, அழிக்கத் தோன்றுகிறவற்றை மட்டும் தனியே ஒதுக்குங்கள். ஒதுக்கியதில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் எடுக்கும் படங்களில் அந்தக் குறை பெரும்பாலும் கேமராவுடையது அல்ல. கண் சும்மா பார்ப்பதில்லை. இருட்டாக இருப்பதை வெளுப்பாக்கிக் காட்டும், நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், பிடித்ததைப் பெரிதாக்கும், பிடிக்காத கரண்டு கம்பியை மறைத்துவிடும். கேமரா இந்தச் சலுகை எதையும் தராது. ஆகவே ஒவ்வொரு குறைக்கும் கண் என்ன செய்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பழக்கம். அதற்குக் கேமராகூட வேண்டாம். பஸ் ஸ்டாப்பும் டீக்கடையும் போதும்.

உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அட்டையை முதலில் செய்துவிடுங்கள். பல இடங்களில் அது தேவைப்படும்.

அட்டை

பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் 9 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். அட்டையில் உங்களைப் பார்த்திருக்கும் பக்கத்துக்குக் கறுப்பு அடியுங்கள். வெள்ளை அட்டை கண்ணைக் கூசவைக்கும். ஒரு மூலையில் நூல் கட்டி, அட்டையிலிருந்து 6, 12.5, 21, 34 செ.மீ. தூரங்களில் முடிச்சு போடுங்கள். முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்து, நூல் விறைப்பாக நிற்கும்படி அட்டையை நீட்டி, மறு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நான்கு முடிச்சுகளும் முறையே 24, 50, 85, 135 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பைக் காட்டும் (எண் கூடக் கூடப் பரப்பு குறுகும்). கணக்கு எளிது: ஜன்னல், 36×24 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரைப்போல் (படம் பதியும் சில்லு) இரண்டரை மடங்கு. எனவே லென்ஸின் மி.மீ. அளவை இரண்டரையால் பெருக்கினால் நூலின் நீளம். சென்சார் அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி கேமரா என்றால் முதலில் 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். போனின் முதன்மைக் கேமரா ஏறக்குறைய முதல் முடிச்சுக்குச் சமம். போன் படம் 4:3 என்பதால் ஜன்னலின் உயரம் மட்டும் 6.75 செ.மீ. ஆக வேண்டும்.

நேரில் வானத்தை முட்டிய மலை, படத்தில் மேடாகிவிட்டது

இதுதான் மலைக்கு வருகிறவர்களின் முதல் புலம்பல். கண் எதைக் கவனிக்கிறதோ அதை மனம் பெரிதாக்கிக்கொள்கிறது. சுற்றியிருக்கும் வானமும் தார் ரோடும் நினைவில் நிற்பதே இல்லை. 24 மி.மீ. லென்ஸோ அத்தனையையும் சமமாக வாங்கிக்கொள்ளும். 85 மி.மீ. லென்ஸில் படம் முழுக்க நிறையும் முகடு, 24 மி.மீ. லென்ஸில் அகலத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

சோதனை: கையை முழுவதும் நீட்டி முஷ்டி பிடியுங்கள். முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. முஷ்டியைச் செங்குத்தாகத் திருப்பி, மலையின் அடி முதல் உச்சி வரை அளந்து பாருங்கள். அரை முஷ்டிகூட இல்லையென்றால் போனின் முதன்மைக் கேமராவில் அது படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான். எந்த ஃபில்டரும் அதைக் காப்பாற்றாது.

இங்கே இடத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். தொட்டபெட்டா 2637 மீட்டர் என்று பலகை சொல்லும். ஊட்டியோ ஏற்கெனவே சுமார் 2240 மீட்டரில் இருக்கிறது. ஊரிலிருந்து பார்த்தால் எழுந்து நிற்பது 400 மீட்டர் மட்டுமே. மேட்டுப்பாளையத்திலிருந்தோ கல்லாறு பக்கத்திலிருந்தோ பார்த்தால் அதே நீலகிரி 1500 மீட்டருக்கு மேல் சுவராக நிற்கும். மலையின் பிரம்மாண்டம் வேண்டுமென்றால் அடிவாரத்தில் இறங்கி 85 அல்லது 135 மி.மீ. லென்ஸில் எடுங்கள். மேலே நின்றுகொண்டு எடுக்கிறீர்கள் என்றால் உயரத்தை மறந்துவிட்டு ஆழத்தைக் காட்டுங்கள்: பாதி வானம் வைக்காமல், அடிவானத்தை மேல் விளிம்புக்குக் கொண்டுபோய், பள்ளத்தாக்குக்கு இடம் கொடுங்கள்.

அளவு தெரிந்த ஒரு பொருளும் வேண்டும். ஆனால் பலர் நண்பரைத் தங்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டு மலையை இன்னும் சிறிதாக்கிவிடுகிறார்கள். பொருள் மலையோடு ஒட்டித் தூரத்தில் இருக்க வேண்டும்: எதிர்ச்சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ், வரிசையாகக் கொழுந்து பறிக்கிறவர்கள். பஸ் எவ்வளவு பெரிது என்று எல்லோருக்கும் தெரியும். அது எறும்பளவு தெரிந்தால் மலை தானாக வளரும்.

அன்றாடப் பயிற்சி: பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு கட்டடத்தையோ மரத்தையோ பார்த்து, எந்த முடிச்சில் அது ஜன்னலை நிறைக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு அட்டையை எடுங்கள். இரண்டு வாரத்தில் அட்டை எடுக்காமலே சரியாகச் சொல்ல வரும்.

பனிமூட்டம் அழுக்குச் சாம்பலாக வருகிறது

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற ஒரே நம்பிக்கை. வெள்ளை மூட்டத்தைக் காட்டினால் அதையும் இழுத்துச் சாம்பலாக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 இல் தொடங்குங்கள். படம் முழுக்க மூட்டமென்றால் +1.7 வரை போகலாம். போனில் மூட்டத்தின்மேல் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும். இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் வலது சுவரில் முட்டக் கூடாது.

இந்த அளவுகளை மனப்பாடம் செய்வதைவிட வெளிச்ச அளவைக் கண்ணால் ஊகிக்கப் பழகுவது மேல். ஒரே வெளிச்சத்தில் கொடியில் காயும் வெள்ளை வேட்டி, தேயிலைச் செடி, கறுப்புக் குடை மூன்றையும் தனித்தனியே படம் நிறைய எடுங்கள். திருத்தம் இல்லாமல் எடுத்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக வரும். வேட்டிக்கு +1.5 முதல் +2, குடைக்கு -1 முதல் -1.5, தேயிலைக்கு ஏறக்குறைய பூஜ்யம் என்று வைத்தால்தான் அவை அவையாக வரும். பிறகு போகிற வழியில் எதைப் பார்த்தாலும், இது வேட்டிப் பக்கமா குடைப் பக்கமா என்று கேட்டுப் பழகுங்கள். தலைகுந்தா புல்வெளியில் ஜனவரி விடியலில் உறைபனி படிந்திருக்கும்போது அது வேட்டிப் பக்கம். சோலைக்குள் நுழைந்தால் குடைப் பக்கம்.

வெளுப்பு சரியாகியும் படம் வெறிச்சென்று இருந்தால் குறை வேறு. மூட்டத்தில் தூரம் கூடக் கூடப் பொருளுக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு வேகமாகக் குறைந்துகொண்டே போகும். பக்கத்து யூகலிப்டஸ் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது வெறும் கோடு, அப்புறம் ஒன்றுமில்லை. படத்தில் இப்படிக் குறைந்தது மூன்று படி வேண்டும். கறுப்பான முதல் படி 10-15 மீட்டருக்குள் இல்லாவிட்டால் மூட்டத்துக்கே ஓர் அர்த்தமும் இல்லாமல் போய்விடும். நின்ற இடத்தில் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணுங்கள். இரண்டுதான் என்றால் நடந்து போய் ஒரு மரத்தையோ கம்பத்தையோ அருகில் கொண்டுவாருங்கள். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் போன்ற இடங்களில் மூட்டம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்; அங்கே நடப்பதைவிட நின்று காத்திருப்பது பலன் தரும்.

மூட்டத்தில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால், ஃபோகஸ் புள்ளியை வானத்தோடு சேரும் தண்டின் விளிம்பில் வையுங்கள். தெளிவான விளிம்பு இல்லாமல் கேமராவால் பிடிக்க முடியாது.

பைன் காட்டில் எல்லா மரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது

இரண்டு கண்ணால் பார்க்கும்போது முன்மரம் வேறு, பின்மரம் வேறு என்று ஆழம் தெரியும். லென்ஸ் ஒற்றைக் கண். ஒரு கண்ணை மூடுங்கள். கேமரா பார்க்கப்போவது அதுதான். மூடிய கண்ணோடு இடப்பக்கமோ வலப்பக்கமோ அரையடி அரையடியாக நகருங்கள். ஒட்டியிருந்த தண்டுகள் ஓரிடத்தில் பிரிந்து, நடுவில் வெளிச்சம் தெரியும். அங்கே நின்று எடுங்கள். ஜூம் செய்து இதைத் தீர்க்க முடியாது. நிற்கும் இடம் மாறினால்தான் மரங்களின் ஒழுங்கு மாறும்.

வீட்டில் மேசைமேல் மூன்று டம்ளரை முன்பின்னாக வைத்து இதையே பழகலாம். பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் கூட்டத்தில் ஆட்களைப் பிரித்து நிறுத்தும் திறமை இதிலிருந்துதான் வருகிறது.

தேயிலைத் தோட்டம் வெறும் பச்சைப் பாய்

மூன்று காரணங்கள் இருக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

முதலில் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேல். செடியின் பக்கவாட்டு நிழல் செடிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். தோட்டத்தின் மேடுபள்ளம் தெரியாது. கோடை விழாவுக்குக் கூட்டம் வரும் மே மாதம்தான் இதற்கு மிக மோசம். ஊட்டி 11.4 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், மே நடுவில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே கூட இல்லை, ஏழெட்டு டிகிரி வடக்கே தள்ளி நிற்கிறது. உச்சி நேரம் கடிகாரத்தில் சுமார் 12:20. அந்த மாதத்தில் காலை சுமார் 9:15 முதல் பிற்பகல் 3:25 வரை ஆறு மணி நேரம் நிழல் குட்டைதான். டிசம்பரிலோ அது நான்கு மணி நேரம் மட்டுமே, ஏறக்குறைய 10:20 முதல் 2:15 வரை. படம் எடுக்கவென்றே மலைக்கு வருகிறவர் சீசனுக்கு வருவது பணத்தை வீணாக்குவது.

நிழல் நீளமாக இருந்தும் பாய்தான் என்றால், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முஷ்டியை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். விரல் முட்டிகளின் மேடும் குழியும் எந்தத் திசையில் பளிச்சென்று தெரிகிறதோ, அந்தத் திசையில் இருக்கும் சரிவுதான் உங்கள் படம். பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடித் தடங்களும் அப்போதுதான் கோடு கோடாக விழும்.

மூன்றாவது, இலையின் பளபளப்பு. தேயிலை வானத்தை வாங்கித் திருப்பியடிக்கும். மேகமூட்ட நாளில் பச்சை பாலூற்றியதுபோல் வெளிறும். இதற்கு மருந்து போலரைசர் ஃபில்டர். லென்ஸில் மாட்டி, பளபளப்பு அடங்கும்வரை சுழற்றுங்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் திசையில் வானமும் கருநீலமாகும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகும்), ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள். மலையில் அல்ட்ரா வயலட் அதிகம் என்று சொல்லி விற்கப்படும் யூவி ஃபில்டரால் தூரத்து நீல மங்கல் போகாது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. கீறலிலிருந்து லென்ஸைக் காக்க வேண்டுமானால் வாங்குங்கள்.

எஸ்டேட் தனியார் இடம்; உள்ளே இறங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பறிக்கிறவர்களிடமும் "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, சரி என்றால்தான்.

முகம் கறுத்துப்போகிறது

பின்னால் வெள்ளை மூட்டம், முன்னால் குடைக்கடியில் முகம். கண் முகத்தைப் பார்க்கும்போது முகத்துக்கு ஏற்றபடியும் மூட்டத்தைப் பார்க்கும்போது மூட்டத்துக்கு ஏற்றபடியும் மாறிக்கொள்வதால் இரண்டும் நன்றாகத் தெரிகிறது. கண்ணை முக்கால்வாசி சுருக்கி, இமை முடிகள் வழியே பாருங்கள். நுணுக்கம் மறைந்து வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். முகம் இருட்டுத் திட்டில் சேர்ந்துவிட்டால் படத்திலும் அப்படித்தான்.

திருத்தம்: ஆளை அரைவட்டம் திருப்பி, மூட்டத்தின் வெளிச்சம் முகத்தில் விழச் செய்யுங்கள். பெரிய வெள்ளைத் திரைபோல மூட்டம் மென்மையாக ஒளி தரும்; ஸ்டூடியோவில் காசு கொடுத்தாலும் இவ்வளவு நல்ல வெளிச்சம் கிடைக்காது. அளவு எடுக்க, அவர் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைக் காட்டி மீட்டர் செய்து, +1 கூட்டுங்கள். முகத்தின் நிறம் ஆளுக்கு ஆள் மாறினாலும் உள்ளங்கை பெரிதாக மாறுவதில்லை.

நிறம் பொய் சொல்கிறது

நிழலில் எடுத்தால் நீலம், டீக்கடைக்குள் மஞ்சள். கண் இரண்டையும் வெள்ளையாக்கிப் பழகிவிட்டது. ஒரு தாளில் பென்சில் குத்திய ஓட்டை போட்டு, அதன் வழியே நிழலில் காயும் வேட்டியை மட்டும் பாருங்கள். அக்கம்பக்கம் மறைந்ததும் அது நீலம் என்பது தெரிந்துவிடும். மாறாக, உறைபனிக் காலையில் நீலம் காணாமல் போனால் அது நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேலை. டேலைட்டில், அதாவது 5200-5500 கெல்வினில், பூட்டிவிடுங்கள். சூரியன் மறைந்த பத்து முதல் இருபது நிமிடத்துக்குள் கடை பல்பும் வானமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும். இந்த அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் அந்த நேரம் சட்டென்று முடிந்துவிடும்.

எப்போது தயாராவது என்பதற்கும் முஷ்டி உதவும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. சூரியனுக்கும் மேற்கு முகட்டுக்கும் இடையே ஒரு முஷ்டி இருந்தால் சுமார் 40 நிமிடம். கேத்தி போன்ற பள்ளத்தாக்குகளில் செய்தித்தாள் சொல்லும் அஸ்தமன நேரம் உதவாது, முகடு முன்னதாகவே மறைத்துவிடும்.

படத்தில் நான் பார்க்காத குப்பையெல்லாம் இருக்கிறது

கண் துல்லியமாகப் பார்ப்பது சுமார் 2 டிகிரி அளவுதான். நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம். மிச்சமெல்லாம் மங்கல், மனம் இட்டு நிரப்பியது. குன்னூர் மார்க்கெட்டில் காய்க்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஓரத்தில் தொங்கும் நீலத் தார்ப்பாயும் பாதி வெட்டுப்பட்ட ஸ்கூட்டரும் தெரியவே தெரியாது.

அட்டையைப் பிடித்து, நடுவைப் பார்க்காமல், ஜன்னலின் விளிம்பை மட்டும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். விளிம்பைத் தொடும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் பெயர் சொல்லுங்கள்: கம்பி, தோள், பை, சட்டி. பத்துக்கு மேல் போனால் ஓரடி முன்னால் போங்கள் அல்லது உட்காருங்கள். கொஞ்ச நாளில் ஷட்டரை அழுத்துமுன் கண் தானாகவே ஓரத்துக்குப் போய் வரும்.

எப்போதும் ஒரு கணம் பிந்துகிறது

பார்த்தபின் அழுத்தினால் பிந்தத்தான் செய்யும். மனிதக் கைக்கே கிட்டத்தட்ட 0.2 விநாடி தேவை, போனின் தாமதம் தனி. ஆகவே நடக்கப்போவதை முன்கூட்டியே அறியப் பழக வேண்டும். இதற்கு டீக்கடையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மாஸ்டர் டீ ஆற்றும்போது, கை உச்சிக்குப் போகும் நேரத்தில் சரியாக விழும்படி மனதுக்குள் "இப்போ" என்று சொல்லுங்கள். முதலில் எல்லாம் பிந்தும். கை தோளைத் தாண்டும்போதே சொல்ல ஆரம்பித்தால் சரியாக விழும். கொழுந்து பறிப்பிலும் இப்படி ஒரு தாளம் உண்டு. கையால் பறிப்பவருக்கும் கத்தரியால் வெட்டுகிறவருக்கும் தாளம் வேறு, அதனால் பத்துத் தடவையாவது பார்த்துவிட்டு எடுங்கள். விரல் அசைவை நிறுத்த 1/500 விநாடி ஷட்டர் வேகம் வேண்டும்.

மலை ரயிலில் பலர் ஏமாறுவதற்குக் காரணம் வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நீராவி எஞ்சின் வண்டிக்குப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். முன்னால் புகை வரும் என்று முதல் பெட்டிக்கே எல்லாப் படத்தையும் செலவழித்தால், எஞ்சின் கடக்கும்போது கை ஓய்ந்திருக்கும். இறங்கும் வண்டிக்குத்தான் எஞ்சின் முன்னால். நீராவி குளிரில்தான் வெள்ளையாகத் திரண்டு நிற்கும், வெயில் ஏறினால் மெலிந்துவிடும். தண்டவாளத்தில் நிற்காமல், பாதுகாப்பான ஓரத்திலிருந்து, வளைவின் ஓரிடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

எதுவும் தெளிவாக இல்லை

படத்தைப் பெரிதாக்கி ஒரு விளக்கையோ நீர்த்துளியையோ பாருங்கள். துளி ஒரே திசையில் கோடாக இழுத்திருந்தால் கை ஆட்டம்: ஷட்டரை வேகமாக்குங்கள், ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை பொறுங்கள். முகம் மங்கி, பின்னாலிருக்கும் வேலி தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறு. படம் முழுக்கப் பால்போல் மங்கியிருந்தால் லென்ஸில் நீர் படிந்திருக்கிறது. குளிரில் கிடந்த கேமராவை வெதுவெதுப்பான, ஈரமான அறைக்குள் கொண்டுவந்தவுடன் திறந்தால் இப்படி ஆகும். இறுக்க மூடிய டிபன் டப்பாவில் வைத்தே உள்ளே கொண்டுபோய், அரை மணி கழித்துத் திறங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பாலிதீன் பையை நம்ப வேண்டாம், டப்பாவே நல்லது.

"நான் இந்த ஊர்தான், இங்கே எடுக்க என்ன இருக்கிறது?"

தினமும் பார்ப்பதைக் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். இதற்கு அழகான இடம் தேடிப் போவது மருந்தல்ல. வீட்டு ஜன்னல், வாசல்படி, பஸ் ஸ்டாப் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் நின்று, நேற்றுக்கும் இன்றைக்கும் மாறியதாக மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள். "அழகாக இருந்தது" என்று எழுதக் கூடாது. "7:40க்கு எதிர்வீட்டுத் தகரக் கூரையின் முதல் நெளிவில் வெயில் பட்டது, நேற்று 7:38" என்று எழுத வேண்டும். படம் எடுப்பது வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு படம்.

இந்த நோட்டு ஒரு வருடம் போனால் வேறு எதிலும் கிடைக்காத தகவலாகிவிடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சூரியன் உதிக்கும் இடம் ஜூனில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கேயும், டிசம்பரில் அதே அளவு தெற்கேயும் போய் வரும். முஷ்டியில் அளந்தால் ஏறக்குறைய ஐந்து முஷ்டி. அதனால் மே முதல் ஆகஸ்ட் நடு வரை வடக்குப் பார்த்த சுவர்களில் வெயில் விழும், மற்ற மாதங்களில் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைப் படிக்கட்டு வயல்களின் தெற்குச் சரிவுகளுக்குத்தான் அதிக வெளிச்சம். எந்தச் சுவரில் எந்த வாரம் வெயில் வருகிறது என்று எழுதிவைத்தவர், பனி விலகும் அந்தப் பத்து நிமிடத்தில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்.